பரத் உட்கார ஓர் இடம்

பரத்துக்குச் சத்தம் ஆகாது என்று முதல் நாளே பூர்ணிமா என்னிடம் சொன்னாள். அவள் புருஷன் கஜேந்திரனும் அதையே சொன்னான். மாதனூர் பள்ளிக்கூடத்து டீச்சரும் அதையே சொன்னார். எல்லோரும் ஒன்றுபோலச் சொல்லும்போது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எனக்கும் வரவில்லை.

ஆம்பூர் பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் மையம் இருக்கிறது. கடிப்பான், ஓடுவான், கையில் கிடைத்ததை வீசுவான் என்று ஊர் ஒதுக்கிவைத்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வருவது என் வேலை. வேலூரில் பெரிய டாக்டர்கள் பார்த்து, அதற்கு ஒரு பெயர் சொல்லி, பயிற்சியும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் ஒரு கல்யாணத்துக்குப் போகிறதா, பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்களா என்று பார்ப்பது எங்கள் பாடு. பிள்ளையோடு குடும்பத்தை வாசல் தாண்ட வைக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளலாம். என் பெயர் உமைமா.

பூர்ணிமா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். கஜேந்திரன் அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டுகிறான். பரத் அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஒன்பது வயது. அவனிடம் இருக்கும் வார்த்தைகள் கொஞ்சம்தான். வேணும், போ, பஸ், மாமா. மாமா என்றால் மதியழகன், பூர்ணிமாவின் தம்பி. குடியாத்தத்தில் அப்பா ஜம்புலிங்கத்தோடு சேர்ந்து லுங்கித் தறி ஓட்டுகிறான். அவனுக்குக் கல்யாணம் கூடிவந்தபோதுதான் இந்தச் சங்கதி ஆரம்பித்தது.

நிச்சயதார்த்தம் வேலூரில், லாங் பஜாருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. நான் போகவில்லை, பூர்ணிமா சொல்லித்தான் தெரியும். மருமான் பயந்துகொள்வான், மேளம் வேண்டாம் என்று மதியழகன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். மைக்கும் வைக்கவில்லை. அத்தை சம்பூர்ணத்துக்கு அது பிடிக்கவில்லை. ஜம்புலிங்கத்தின் அக்கா அவர். பூர்ணிமாவின் அம்மா இறந்த பிறகு அந்த வீட்டு நல்லது கெட்டதெல்லாம் அவர் வாக்குப்படிதான்.

"மேளம் இல்லாத நிச்சயமா? சாவு வூட்ல கூட மேளம் உண்டுடா" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாராம்.

தட்டு மாற்றும் வரைக்கும் பரத் அப்பா மடியில் சமர்த்தாக இருந்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு வீறிட்டான். இலையைத் தள்ளிவிட்டு எழுந்தவன், சாம்பார் வாளியோடு வந்தவர் மேல் போய் மோதினான். வாளி கவிழ்ந்தது. கவிழ்ந்த இடம் பெண்ணின் அப்பா வேதாசலத்தின் பட்டு வேட்டி. கஜேந்திரன் துரத்திக்கொண்டு ஓடி, பஜாரில் கைவண்டிகளுக்கு நடுவில் வைத்துத்தான் பையனைப் பிடித்தான்.

மறுநாள் சம்பூர்ணம் போன் செய்தார்.

"கல்யாணத்துக்கு நீ வா. உங்க வூட்டுக்காரரு புள்ளைய வெச்சிக்கினு வூட்ல இருக்கட்டும்."

"எம் புள்ள வராத கல்யாணத்துக்கு நான் மட்டும் இன்னாத்துக்கு அத்த?"

"அப்ப முடிச்சு யாரு போடறது?"

"யாராவது போடட்டும். சித்தப்பா பொண்ணு இருக்கா இல்ல."

தாலி கட்டும்போது முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான். அடுத்த இரண்டும் அவன் கூடப்பிறந்தவளுக்கு உரியது. மதியழகனுக்குக் கூடப்பிறந்தவள் பூர்ணிமா ஒருத்திதான். அம்மா போனபோது அவன் சின்னப் பையன். தலை வாரிவிட்டு, சோறு பிசைந்து கொடுத்து வளர்த்தவள் அவள். அத்தையிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்க சித்தப்பா பொண்ணு போடட்டும்னு சொல்லிட்டேன். சரிதானே?"

சரிதானே என்று கேட்கிறவர்கள், சரியில்லை என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் கேட்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போகலாம், பையனையும் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

ஆர்டர் இருந்ததால் ஞாயிறும் தறி ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனையில் இறங்கும்போதே காதில் விழுந்தது. வீட்டுக்குப் பின்னால் ஷெட்டுக்குள் நுழைந்தால் எதிரில் இருப்பவர் வாய் அசைவது தெரிகிறது, பேச்சு கேட்கவில்லை. தரை அதிர்ந்து உள்ளங்காலில் ஏறுகிறது. நான் காதைப் பொத்திக்கொண்டு பரத்தைத் தேடினேன். இந்நேரம் அலறிக்கொண்டு ஓடியிருப்பான் என்று நினைத்தேன்.

அவன் மூலையில் நின்றிருந்தான். நூல் மூட்டைகள் அடுக்கிய சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஜம்புலிங்கம் அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

பூர்ணிமாவை வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

"இவனுக்கு சத்தம் ஆகாதுன்னு யாரு சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"நீ?"

"நானும்தான்." சொல்லிவிட்டு ஷெட்டைத் திரும்பிப் பார்த்தாள். "தறி சத்தம் ஒரு சத்தமாக்கா? அது எங்க வூட்டு சத்தம்."

அந்த வீட்டில் பிறந்தவர்கள் யாரும் அதைச் சத்தம் என்று கணக்கில் சேர்த்ததே இல்லை. மேளக்காரரையே நிறுத்தி வைத்தவர்களுக்கு, தறிக்குப் பக்கத்தில் அதே பிள்ளை கண்கொட்டாமல் நிற்பது ஒரு கேள்வியாகத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சத்தம் இல்லையென்றால் பின்னே எது?

சம்பூர்ணம் டீ கொண்டுவந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, பாய் வூட்டுப் பொண்ணு, சக்கர ஜாஸ்தியா கம்மியா?"

"இருக்கறதே போதும் பெரியம்மா."

"எனக்கு அவன் மேல கோவம்னு நெனச்சிக்காத. எங் கண்ணு முன்னாடி பொறந்த புள்ள. ஆனா அந்த வேட்டிய நான்தான் தொவச்சி அனுப்பினேன். மஞ்சக் கற போவல. சம்பந்தி ஒரு வார்த்த பேசல பாரு, அதான் எனக்குப் பேஜாரா இருக்குது. திட்டிட்டா தேவலாம்."

"ஏன் அப்படி பண்ணான்னு கண்டுபிடிச்சிட்டா?"

"கண்டுபுடி. யாரு வேணாம்னாங்க? பந்தக்கால் நடறதுக்குள்ள கண்டுபுடி. அதுக்கு மேல ஆச்சுன்னா நான் அவ சித்தப்பன் பொண்ணுக்குப் பொடவ எடுத்துடுவேன். முடிச்சு போட ஆள் இல்லாம நிக்க முடியாது, பாத்துக்க."

அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. கஜேந்திரன், இலைதான் காரணம் என்றான். வாழையிலை வழவழவென்று இருக்கிறது, வீட்டில் தட்டில்தானே சாப்பிடுகிறான் என்றான். பூர்ணிமா லீவு போட்டுக் கூட்டு, பொரியல், வடை, பாயசம் என்று கல்யாணச் சமையலே செய்து இலையில் பரிமாறினாள். பரத் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, இலையில் ஓடிய பாயசத்தை விரலால் வளைத்து வளைத்துப் பிடித்து நக்கினான். கஜேந்திரன் மட்டும் வருத்தப்பட்டான். "நமக்கு ஒரு நாளு இப்படி ஆக்கிப் போட்டிருக்காளா பாருங்க."

நான் வாசனை என்று நினைத்தேன். அதுவும் நிற்கவில்லை. தோல் பதனிடும் ஷாப் நாற்றத்தில் ஊரே மூக்கைப் பொத்தும் நாளில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்கு தின்கிறவன். சாம்பார் பெருங்காயத்துக்கா அலறப்போகிறான்?

பிறகு கூட்டமோ என்று பார்த்தேன். சாயங்காலத்தில் கஜேந்திரன் பஸ்ஸைக் கம்பெனிக்கு எடுத்துப்போகும் வழியில் பரத்தை ஏற்றிக்கொள்வது வழக்கம். ஒரு நாள் நானும் ஏறினேன். கம்பெனி வாசலில் ஷிப்ட் முடிந்த பெண்கள் ஏறினார்கள். ஒருத்தி மடியில் ஒருத்தி, பாட்டு, சிரிப்பு, சூப்பர்வைசரைப் போலப் பேசிக்காட்டுவது. நான் நசுங்கிப்போனேன். பரத் கடைசி சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அது அவன் சீட்டு மேடம்" என்றாள் என் பக்கத்தில் நின்றவள். "மத்த எந்த சீட்ல வெச்சாலும் தைய தக்கான்னு குதிப்பான். அங்க வெச்சிட்டா ஊட்டி வரைக்கும் கூட்டிக்கினு போலாம்."

கூட்டமும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவன் தலையைப் பார்த்தேன். முன்பக்கம் மட்டும் கத்தரித்த மாதிரி, பின்னால் புதராகக் கிடந்தது. யார் வெட்டினார்கள் என்று கேட்டேன். தானே வெட்டியதாகப் பூர்ணிமா சொன்னாள். கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால், நாற்காலியில் உட்கார்ந்து துணி போர்த்தும் வரை சும்மா இருப்பானாம், கத்தரி எடுத்துக்கொண்டு முடிவெட்டுகிறவர் பின்னால் வந்ததும் கடித்துவிடுவானாம். எதிரில் உட்கார்ந்து வெட்டினால் ஒன்றும் செய்யமாட்டானாம்.

இவ்வளவும் என் கையில் இருந்தது. அப்படியும் புரியவில்லை.

என் சின்னம்மா மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் வைத்த வலிமா விருந்து ஆம்பூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெண்கள் பக்கம் இடம் கிடைத்து உட்கார்ந்தேன். பிரியாணி வந்தது, கத்திரிக்காய் வந்தது. முதல் வாய் வைத்தபோது என் நாற்காலி லேசாக ஆடியது. திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் குழந்தையோடு ஒரு அம்மா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சாப்டுங்க, சாப்டுங்க. அவசரம் இல்ல."

அவசரம் இல்லை என்று அவர் சொன்ன நொடியிலிருந்து எனக்கு அவசரம் வந்துவிட்டது. கழுத்தில் அவர் மூச்சு பட்டது. குழந்தையின் கால் என் தலையில் இடித்தது. சுற்றிலும் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவர் பின்னாலும் ஒருவர் நின்றிருந்தார். சிலர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து, பட்டா எழுதி வாங்கிய மாதிரி நின்றிருந்தார்கள். இதில் புதிதாக என்ன இருக்கிறது? எந்த ஜாதி, எந்த மதக் கல்யாணமானாலும் அடுத்த பந்திக்கு இப்படித்தான் இடம் பிடிப்போம். நானே எத்தனையோ முறை யாரோ ஒருவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா, மோருக்கு வந்துவிட்டாரா என்று பின்னால் நின்று எட்டிப் பார்த்திருக்கிறேன்.

வாயில் வைத்த பிரியாணியை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, இடத்தை அந்த அம்மாவுக்கே கொடுத்துவிட்டு, கையை மட்டும் கழுவிக்கொண்டு வெளியே வந்து போன் செய்தேன்.

"பூர்ணிமா, நிச்சயத்துல சாப்பிடும்போது பரத் பின்னாடி யாரு இருந்தாங்க?"

"பின்னாடியா? யாரும் இல்லியே." கொஞ்சம் யோசித்தாள். "பந்திக்கு நிக்கறவங்க நின்னுக்கினு இருந்தாங்க."

"அப்போ அவங்கள்லாம் ஆளு இல்லையா?"

"பந்தின்னா நிக்கத்தானக்கா செய்வாங்க?" என்றாள். பஸ்ஸின் கடைசி சீட்டும், தறி ஷெட்டின் மூலையும், முடிவெட்டும் கடையும் அவள் மனசுக்குள் ஒவ்வொன்றாகப் போயிருக்க வேண்டும். கடைசியில், "ஸ்கூல் பிரேயர்ல லைன்ல நிக்க மாட்டேன்றான்" என்றாள் மெதுவாக.

மறுநாள் மாதனூரில் அவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்த்தோம். பரத் கூடத்தின் நடுவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கஜேந்திரன் சத்தம் காட்டாமல் பின்னால் போய் நின்றான். தட்டு பறந்தது. கொஞ்சம் ஆறியதும் சுவரோரம் உட்காரவைத்துப் பூர்ணிமா புதிதாகச் சோறு போட்டாள். கஜேந்திரன் எதிரில் நின்றான், பக்கத்தில் நின்றான், ஒற்றைக் காலில் கூட நின்றான். பரத் சாப்பிட்டு முடித்தான். பின்னால் நிற்கும் ஒருவர் அவனுக்கு என்னவாகத் தெரிகிறார் என்று எனக்குத் தெரியாது. அதை அவன்தான் சொல்ல வேண்டும். அவன் வைத்திருக்கும் வார்த்தைகளில் அது இல்லை.

கல்யாணம் குடியாத்தத்திலேயே ஒரு மண்டபத்தில். பந்தக்காலுக்கு முன்னால் ஒரு பகல்வேளை, மண்டபம் காலியாக இருக்கும்போது போய்ப் பார்த்தோம். சம்பூர்ணமும் மதியழகனும் வந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். சம்பூர்ணம் கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு தன் தோளுக்குப் பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"இவ்ளோதானா? அதுக்கா அந்த ஆட்டம் ஆடினான்? கடைசி வரிசையில ஒக்கார வெச்சிடு."

கடைசி வரிசைக்குப் பின்னால்தான் வாசல். வருகிறவர், போகிறவர், சந்தனம் பன்னீர் தெளிக்கிறவர் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். ஓரத்து வரிசைக்குப் பின்னால் பிள்ளைகள் ஓடுவார்கள். நாங்கள் நாற்காலி நாற்காலியாக யோசித்துக்கொண்டிருந்தபோது பரத்தைக் காணவில்லை. பூர்ணிமா பதறினாள்.

அவன் மேடையில் இருந்தான். படியேறிப் போய், மணவறை அலங்காரம் வைக்கும் பின்சுவரில் முதுகைப் பொருத்திக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தறி ஷெட்டில் பார்த்த அதே முகம்.

அவன் சொன்னது சரிதான். ஆயிரம் பேர் வந்தாலும் எல்லோரும் முன்னால் மட்டுமே இருக்கும் இடம் அந்த மண்டபத்தில் அது ஒன்றுதான்.

"பெரியம்மா" என்றேன்.

"சொல்லாத. நீ இன்னா சொல்லப்போறன்னு தெரியுது, சொல்லாத." சம்பூர்ணம் கையை உயர்த்தினார். "வூட்ல வுட்டுட்டு வாடின்னேன் நான். நீ மணவறையிலயே கொண்டாந்து ஒக்கார வெக்கறேன்றியா? போட்டோ ஒண்ணு பாக்கி இல்லாம எல்லாத்துலயும் இவன்தான் இருப்பான். ஊரு இன்னா சொல்லும்?"

பூர்ணிமா மேடையில் இருந்த மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியழகன்தான் பேசினான். "அத்த, மேளத்தயே வுட்டுக் குடுத்தோம். அத அவன் கேக்கவே இல்ல. இப்பதான் அவன் மொத தபா ஒரு எடத்த கேக்கறான். எம் மருமான் எம் பின்னாடி இருக்கறதுல எனக்கு இன்னா கொறச்சல்?"

"உன் மாமனாருக்கு?"

அங்கேயே நின்று வேதாசலத்துக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுமுனையில் வேதாசலம் தொண்டையைக் கனைத்தார். "மேடையில சாம்பார் இருக்காது இல்ல மாப்ள?"

"இருக்காது மாமா."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல."

சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். "யாராவது கேட்டா மாப்ள தோழன்னு சொல்லிக்கலாம்" என்றார் யாரையும் பார்க்காமல். "ஏய் பூர்ணிமா, உனக்கு அரக்கு எடுக்கட்டா, பச்ச எடுக்கட்டா?"

கல்யாணத்தன்று மேளம் இருந்தது. நாதஸ்வரம், தவில், மைக் எல்லாம். பரத் பட்டுச் சட்டை போட்டு, அலங்காரத்தின் ஓரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, தவில்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐயர் மந்திரம் சொன்னபோது வாயசைத்தான். முன்வரிசையில் இருந்த பெண்கள் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். சம்பூர்ணம் சளைக்காமல் பதில் சொன்னார். "தோழன். மாப்ள தோழன். அவங்க அக்கா புள்ள."

நான் கீழே முதல் வரிசையில் நின்றிருந்தேன். நான் கணக்குப் போடாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. தாலி எடுத்துக் கொடுக்கும் நேரம் நெருங்க நெருங்க உறவுக்காரர்கள் மேடை ஏறினார்கள். பூர்ணிமா மணப்பெண் ஸ்வேதாவுக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றாள். சித்தி, மாமி, வீடியோ எடுக்கிறவர், அவருக்கு விளக்குப் பிடிக்கிறவர் என்று அவளுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கெட்டிமேளம் கொட்டியது. மதியழகன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றை விட்டான். பூர்ணிமா வாங்கினாள். பரத் முக்காலியிலிருந்து எழுந்தான்.

சம்பூர்ணம் என் கையைப் பிடித்தார். கஜேந்திரன் படியில் கால் வைத்தான்.

பரத் ஓடவில்லை. சித்திக்கும் மாமிக்கும் நடுவில் நுழைந்தான். வீடியோக்காரரை வயிற்றில் கை வைத்துத் தள்ளினான். "போ" என்றான். பிறகு எங்களுக்கு முகம் தெரியாமல் அந்தப் பக்கம் திரும்பி நின்று, தன் முதுகை அம்மாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டான். இரண்டு கையையும் அகலமாக விரித்தான். ஏறி நின்ற அத்தனை பேரும் ஒரு அடி பின்வாங்கினார்கள். அரிசி பறந்து வந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. பூர்ணிமா திரும்பிப் பார்க்கவில்லை. முதுகில் அவன் சூடு தெரிந்தது, அதனால் பார்க்கத் தேவைப்படவில்லை என்று பிறகு சொன்னாள். இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதை நிதானமாக, இழுத்துப் பார்த்து, இறுக்கமாகப் போட்டாள்.

அம்மாவைக் காத்தானா, தனக்கு ஒரு சுவர் தேடினானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பூர்ணிமாவிடம் கேட்டேன். இரண்டும் ஒன்றுதானேக்கா என்றாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் நல்ல பெயர் வாங்கியிருப்பேன். பந்தி பாக்கி இருந்தது. சாப்பாட்டு ஹாலில் சுவரையொட்டிய மேஜையைப் பரத்துக்காகச் சொல்லி வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் அங்கே வேலூரிலிருந்து வந்த பெண் வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பாதிச் சாப்பாட்டில் இருந்தார்கள். அவர்களை எழுப்ப முடியாது. காலியாக இருந்த ஒரே இடம் நட்டநடு வரிசையில். கஜேந்திரன் சொந்தக்காரர்களை ஏற்றிவந்த பஸ்ஸைப் பார்க்கப் போயிருந்தான். பூர்ணிமாவை மணமக்களோடு போட்டோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பரத்துக்குப் பசி. "வேணும்" என்றான், "வேணும்" என்றான். கையை உதறிக்கொண்டு போய் அந்த நடு நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டான். இலை விழுந்தது. அவன் பின்னால் சஃபாரி போட்ட ஒருவர் வந்து நாற்காலியில் கை வைத்தார். பரத்தின் தோள் விறைத்தது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நானே போய்ப் பின்னால் நிற்கலாமென்றால் நானும் நிற்கிறவள்தானே.

அப்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கூட்டத்தின் தலைகளுக்கு மேலே மிதந்து வந்தது. அதற்குக் கீழே சம்பூர்ணம் வந்தார். "தள்ளு, தள்ளு" என்று சஃபாரிக்காரரை ஒதுக்கிவிட்டு, பரத் நாற்காலியின் முதுகோடு முதுகாக அதைப் போட்டார். அதில் எங்களுக்கு முதுகைக் காட்டி, பட்டுப்புடவையைச் சொருகிக்கொண்டு, காலை அகட்டி உட்கார்ந்தார். இரண்டு கையையும் விரித்தார். மேடையில் பேரப்பிள்ளை விரித்த மாதிரியே.

"இன்னாம்மா இது? நாங்க எங்க நிக்கறது?" என்றார் சஃபாரிக்காரர்.

"அங்க நில்லு. இல்ல, வூட்டுக்குப் போயி சாப்பிடு. இவன் மாப்ள தோழன், பொறுமையா சாப்டுவான்."

"நீங்க சாப்டல?"

"நான் கடைசிப் பந்தி."

அவர் போனார். அடுத்து வந்தவரும் போனார். பரத் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தான். பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்து பார்த்தான். பின்னால் இருந்தது நகரவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தான். சம்பூர்ணத்தின் நாற்காலி ஒருமுறை ஆடியது. அவர் தரையில் காலை ஊன்றிக்கொண்டார்.

பரத் இலைக்குத் திரும்பினான்.

"ஏம்மா, பாய் வூட்டுப் பொண்ணு" என்று எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே சம்பூர்ணம் கூப்பிட்டார். "என்னால திரும்ப முடியாது. இன்னா சாப்டறான்? சொல்லு."

"வடைய பிச்சி சாம்பார்ல போடறான் பெரியம்மா."

"அப்பறம்?"

"சாம்பாரத் தள்ளிட்டு வடைய மட்டும் எடுக்கறான்."

"அவங்க தாத்தா மாதிரி" என்றார். "பாயசம் வந்தா எனக்குச் சொல்லு, ரெண்டாவது தபா கேக்கறானான்னு பாக்கணும்."